கேட்பது எப்படி? ‘ஆஸ்க்’ என்ற வினைச்சொல்லும் அதன் பங்காளிகளும்: முழுமையான வழிகாட்டி

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு ஒரு மெயில் போட்டான். “ஐ டோல்ட் யுவர் மேனேஜர் டு அப்ரூவ் தி பில்.” இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுநாள் வந்த பதிலில் வழக்கமான ‘ஹாய்’கூட இல்லை. இரண்டே வரி, இரண்டும் ஐஸ் கட்டி.

“நான் என்னண்ணே தப்பா எழுதிட்டேன்? அப்ரூவ் பண்ணச் சொன்னேன், அவ்வளவுதானே?” என்றான்.

அந்தச் ‘சொன்னேன்’தான் வம்பு. தமிழில் “பண்ணச் சொன்னேன்” என்றால் அதில் பணிவும் இருக்கலாம், அதட்டலும் இருக்கலாம். குரலும் இடமும் அதைத் தீர்மானிக்கும். ஆங்கிலத்தில் ‘டோல்ட்’ போட்டால் அதட்டல் மட்டும்தான். அவன் போட்டிருக்க வேண்டியது ‘ஆஸ்க்ட்’.

‘ஆஸ்க்’ என்றால் கேள் என்று மூன்றாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அதனால்தான் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் திருத்தும் மெயில்களில் பெரிய பெரிய வார்த்தைகளில் வரும் பிழையைவிட இந்தச் சின்ன வார்த்தையில் வருவதுதான் அதிகம். அதற்காகத்தான் இந்த வழிகாட்டி. படிப்படியாகப் போவோம், இரண்டாவது படியில் மட்டும் கொஞ்சம் உட்கார வேண்டியிருக்கும்.

படி 1: முதலில் நம்ம ‘கேள்’-ஐப் பிரியுங்கள்

தமிழில் ‘கேள்’ ஒரு கூட்டுக் குடும்பம். காது செய்கிற வேலையும் வாய் செய்கிற வேலையும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. திருக்குறளில் 42-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘கேள்வி’. அங்கே கேள்வி என்றால் வினா இல்லை, காதால் கேட்டு அறிவது. நாம் இன்றைக்கும் “பாட்டு கேட்டேன்”, “சத்தம் கேட்டது”, “சொன்னா கேக்க மாட்டான்”, “விலை கேட்டேன்”, “கடன் கேட்டான்” எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் எடுக்கிறோம்.

ஆங்கிலத்தில் இந்தக் குடும்பம் பாகம் பிரித்துக்கொண்டுவிட்டது. தானாகக் காதில் விழுந்தால் ‘ஹியர்’. காதைக் கொடுத்துக் கேட்டால் ‘லிசன்’, பின்னாலேயே ‘டு’ வரும்: “லிசன் டு தி சாங்”. சொன்ன பேச்சைக் கேட்பதும் ‘லிசன்’தான்: “ஹி நெவர் லிசன்ஸ் டு மீ”. நீதிபதி வழக்கைக் கேட்பது ‘ஹியர்’. வாயைத் திறந்து ஒன்றை வாங்கவோ தெரிந்துகொள்ளவோ கேட்டால் மட்டுமே ‘ஆஸ்க்’.

சில ‘கேள்’கள் இந்த மூன்றிலும் அடங்காது. “மன்னிப்புக் கேட்டான்” என்பதை “ஹி ஆஸ்க்ட் சாரி” என்று சொல்கிறவர்கள் நிறைய. அப்படி ஒரு வழக்கே ஆங்கிலத்தில் இல்லை. “ஹி அப்பாலஜைஸ்ட்” அல்லது “ஹி செட் சாரி”. “தட்டிக் கேட்க ஆளில்லை” என்பதில் உள்ள கேள்வி ‘க்வெஸ்சன்’ என்ற வினைக்குப் போகும். அது பின்னால் வருகிறது.

படி 2: ‘ஆஸ்க்’குக்குப் பின்னால் என்ன வரும்?

அடிக்கடி சறுக்குவது இங்கேதான். காரணம் அறிவுக் குறைவு இல்லை, நம் வேற்றுமை உருபு.

தமிழில் “அவனிடம் கேள்” என்கிறோம். அந்த ‘இடம்’ மனதுக்குள் ‘டு’ ஆகி, “ஆஸ்க் டு ஹிம்” என்று வெளியே வருகிறது. ஆங்கிலத்தில் ஆஸ்க்குக்கும் ஆளுக்கும் நடுவே எதுவும் கூடாது: “ஆஸ்க் ஹிம்”. “அவனைக் கேள்” என்று இரண்டாம் வேற்றுமையிலும் நாம் சொல்கிறோமே, அதை நினைத்துக்கொண்டு மொழிபெயருங்கள். ‘டு’ தானாக உதிர்ந்துவிடும். ‘ஆஸ்க் வித் ஹிம்’ என்பதும் இதே நோய்தான்.

அடுத்தது ‘ஃபார்’. எப்போது வரும், எப்போது வராது? நான் வைத்திருக்கும் கணக்கு இது: நீங்கள் கேட்பதற்குப் பதிலாக வார்த்தை வந்தால் ‘ஃபார்’ வேண்டாம், பொருளோ உதவியோ வந்தால் ‘ஃபார்’ வேண்டும். ஓட்டலில் உட்கார்ந்து “ஐ ஆஸ்க்ட் தி ப்ரைஸ்” என்றால் விலை என்ன என்று விசாரித்தீர்கள், சப்ளையர் வாயால் பதில் சொல்வார். “ஐ ஆஸ்க்ட் ஃபார் தி பில்” என்றால் பில் மேசைக்கு வரும். பெயர், நேரம், வழி, விலை எல்லாம் முதல் வகை. பணம், தண்ணீர், லீவு, உதவி, ஆலோசனை எல்லாம் இரண்டாம் வகை. “ஹி ஆஸ்க்ட் மீ மணி” தவறு. “ஹி ஆஸ்க்ட் மீ ஃபார் மணி” சரி. இந்தக் கணக்கில் அடங்காத ஓரிரண்டு உண்டு. ‘எ ஃபேவர்’ என்பதற்கு ‘ஃபார்’ இல்லாமலே பழக்கம்: “கேன் ஐ ஆஸ்க் யூ எ ஃபேவர்?” ‘பெர்மிஷன்’ இரண்டு விதமாகவும் வரும்.

இனி இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான இடம்.

தமிழில் அடுத்தவர் கேட்டதை நாம் அப்படியே எடுத்து வைத்து, கடைசியில் ‘என்று’ போட்டு ஒரு முடிச்சுப் போட்டுவிடுவோம். “எங்க இருக்கீங்கன்னு கேட்டேன்.” உள்ளே இருக்கும் கேள்வி உடையவே இல்லை. இந்த வசதி ஆங்கிலத்தில் கிடையாது. அங்கே கேள்வியை உருக்கி வேறு அச்சில் ஊற்ற வேண்டும். ஆள் மாறும், காலம் மாறும், சொல் வரிசை மாறும், கேள்விக்குறி போய்விடும். “ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் ஆர் யூ” என்று எழுதுவது நம் ‘என்று’ பழக்கம். சரியானது “ஐ ஆஸ்க்ட் ஹிம் வேர் ஹி வாஸ்”. ‘ஆர் யூ’ என்று வினை முன்னால் நின்றது, இப்போது ‘ஹி வாஸ்’ என்று சாதாரண வாக்கிய வரிசைக்குத் திரும்பிவிட்டது, கவனித்தீர்களா? அதேபோல “ஆஸ்க் ஹர் வேர் டஸ் ஷி ஒர்க்” இல்லை. “ஆஸ்க் ஹர் வேர் ஷி ஒர்க்ஸ்”.

ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்வியில் நமக்கு ‘ஆ’ விகுதி இருக்கிறது: “வருவீங்களான்னு கேளு”. அந்த ‘ஆ’ ஆங்கிலத்தில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ ஆகும்: “ஆஸ்க் ஹிம் இஃப் ஹி இஸ் கமிங்”. ‘என்று’ என்பதற்கு ‘தட்’ என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்துவிட்டதால் “ஹி ஆஸ்க்ட் தட் வென் வில் யூ கம்” என்று எழுதும் பட்டதாரிகளை எனக்குத் தெரியும். கேள்வியைத் திருப்பிச் சொல்லும்போது ‘தட்’ வராது. ‘வென்’, ‘வேர்’, ‘இஃப்’ ஆகியவையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

உச்சரிப்பைப் பற்றி இரண்டு வரி. இறந்தகாலம் ‘ஆஸ்க்குடு’ இல்லை, ‘ஆஸ்க்ட்’. மூன்று மெய் அடுத்தடுத்து வருவதால் வெள்ளைக்காரர்களே வேகமாகப் பேசும்போது நடுவிலுள்ள ‘க்’கை விழுங்கி ‘ஆஸ்ட்’ என்பார்கள். சிலர் ‘ஆக்ஸ்’ என்று சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த வடிவம். 1535-இல் வந்த கவர்டேல் பைபிளில் ‘கேளுங்கள், கொடுக்கப்படும்’ என்ற இடத்தில் ‘ஆக்ஸ்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. தசை நம் வாயில் சதை ஆனதும் விசிறி சிவிறி ஆனதும் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

படி 3: ‘வரச் சொன்னார்’ என்பது ஆஸ்க்கா, டெல்லா?

பையனின் மெயிலுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ‘ஆஸ்க்’ செய்கிற ஒரு பெரிய வேலையைத் தமிழில் ‘கேள்’ செய்வதில்லை, ‘சொல்’தான் செய்கிறது. “டாக்டர் நாளைக்கு வரச் சொன்னார்”, “அப்பாகிட்ட போன் பண்ணச் சொல்லு”, “மேனேஜரைக் கையெழுத்துப் போடச் சொன்னேன்”. மூன்றிலும் ‘சொல்’. மூன்றையும் நாம் ‘டெல்’ என்று மாற்றிவிடுகிறோம்.

மாற்றும் முன் ஒரு கேள்வி: எதிராளி ‘முடியாது’ என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றால் ‘ஆஸ்க்’. சொல்ல முடியாது, சொன்னால் பிரச்சினை என்றால் ‘டெல்’. டாக்டர் நம்மிடம் சொல்வது ‘டோல்ட் மீ டு கம்’. நாம் டாக்டரிடம் வீட்டுக்கு வரச் சொல்வது ‘ஆஸ்க்ட் ஹிம் டு கம்’. அப்பாவுக்கு ‘டெல்’ போடுவது உங்கள் வீட்டு நிலவரத்தைப் பொறுத்தது.

இந்த அமைப்பில் ஆள் நடுவில் வருவதையும் மறக்கக் கூடாது. “ஷி ஆஸ்க்ட் மீ டு லீவ்” என்றால் என்னைப் போகச் சொன்னாள். “ஷி ஆஸ்க்ட் டு லீவ்” என்றால் தான் போகலாமா என்று கேட்டாள். ஒரு ‘மீ’ விட்டுப்போனால் வெளியே போகிறவர் மாறிவிடுவார்.

படி 4: பங்காளிகளை வரிசையில் நிறுத்துங்கள்

‘ஆஸ்க்’குக்கு இணைச்சொல் என்று கூகுளில் தேடினால் முப்பது, நாற்பது வந்து விழும். எல்லாமே ‘கேள்’ என்றுதான் அகராதி சொல்லும். அங்கேதான் ஏமாறுகிறோம். வேறுபாடு பொருளில் குறைவு. யார் யாரிடம் கேட்கிறார் என்பதில்தான் அதிகம்.

இது தமிழருக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் கேட்பவரின் நிலையை வைத்துப் பிரிக்கிறது. தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் கேட்டால் ‘ஈ’, ஒப்பானவரிடம் கேட்டால் ‘தா’, உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கேட்டால் ‘கொடு’. மூன்றும் ஒரே பொருள்தான். நிற்கும் படிக்கட்டு வேறு. ஆங்கில இணைச்சொற்களையும் இதே படிக்கட்டில் வைத்துப் பாருங்கள். ‘பெக்’, ‘ப்ளீட்’ எல்லாம் கீழே நின்று மேலே பார்ப்பவை. ‘டிமாண்ட்’, ‘இன்டராகேட்’ மேலே நின்று கீழே பார்ப்பவை. ‘ஆஸ்க்’ நடுப்படி, யார் வேண்டுமானாலும் நிற்கலாம்.

‘ரிக்வெஸ்ட்’ நமக்கு லீவ் லெட்டரிலேயே அறிமுகம். “ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்” என்று தொடங்கி “ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி கிராண்ட் மீ லீவ்” என்று முடியும் அந்த மந்திரத்தைக் காய்ச்சல் இல்லாமலே எழுதியவர்கள்தான் நாமெல்லாம். தமிழில் இதற்குச் சரியான ஜோடி ‘கேட்டுக்கொள்’. வினையாக வரும்போது இதற்கு ‘ஃபார்’ கிடையாது. “ஐ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்” தவறு. “ஐ ரிக்வெஸ்ட் லீவ்” சரி. பெயராக வரும்போதுதான் ‘ஃபார்’ ஒட்டும்: “மை ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்”. இன்னொன்று, இது அலுவல்பூர்வமான சொல். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேனா வாங்க “ஐ ரிக்வெஸ்ட் யுவர் பென்” என்றால் அவர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்.

‘டிமாண்ட்’ பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. ‘கோரிக்கை’ என்ற சொல்லைச் செய்தித்தாள்களில் பார்த்துப் பார்த்து, கோருவதெல்லாம் டிமாண்ட் என்று நினைக்கிறோம். தொழிற்சங்கம் நிர்வாகத்திடம் வைப்பது டிமாண்ட்தான். ஆனால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் வரிசையில் நிற்கும் பாட்டி முதியோர் உதவித்தொகை கேட்பது டிமாண்ட் இல்லை. அது ‘பெட்டிஷன்’, வினையாகவும் வரும், “ஷி பெட்டிஷன்ட் தி கலெக்டர்”, இங்கும் ‘டு’ வேண்டாம். டிமாண்டில் “கொடுத்தே ஆக வேண்டும்” என்ற விரல் நீட்டல் இருக்கிறது. ஆளை நேராக அதன் பின்னால் வைக்கவும் முடியாது. “ஐ டிமாண்டட் ஹிம்” என்று ஒரு வாக்கியம் இல்லை. “ஐ டிமாண்டட் அன் ஆன்சர் ஃப்ரம் ஹிம்” என்றே வரும். புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு ஒரு கூடுதல் குழி: பிரெஞ்சில் ‘தெமாந்தே’ என்றால் சாதாரணமாகக் கேட்பது, அவ்வளவுதான். அதே வேரிலிருந்து வந்த ஆங்கிலச் சொல்தான் முறைத்துக்கொண்டு நிற்கிறது.

கேட்பதற்கும் டிமாண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டைச் சட்டமே ஓரிடத்தில் போட்டிருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, வரதட்சிணையை ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ டிமாண்ட் செய்வதையே குற்றம் என்கிறது. “நாங்க எதுவும் கேக்கலீங்க, உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க” என்று சோபாவில் சாய்ந்தபடி சொல்கிறவர்கள் அந்த ‘மறைமுகமாகவோ’வை ஒருமுறை படிப்பது நல்லது.

‘என்கொயர்’ என்றால் விசாரி. ரயில் நிலையத்தில் ‘என்கொயரி’ ஜன்னலைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். பிரிட்டிஷ் வழக்கில் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் சும்மா விசாரிப்பது, ‘ஐ’ என்ற எழுத்தில் தொடங்கினால் துருவி ஆராய்வது என்று பலர் பிரித்து எழுதுகிறார்கள்; அமெரிக்கர்கள் இரண்டுக்கும் ‘ஐ’தான். 1952-ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலும் ‘ஐ’தான் இருக்கிறது. “என்கொயர் ஹிம்” தவறு. மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்தால் “வி என்கொயர்ட் அபவுட் ஹிம்”.

‘க்வெஸ்சன்’ வினையாக வரும்போது முகம் மாறிவிடும். “ஐ க்வெஸ்சன்ட் மை டீச்சர்” என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். பாடத்தில் சந்தேகம் கேட்டதைத்தான் சொல்ல வந்தார். படிப்பவருக்கோ, டீச்சரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டது போல இருக்கும். போலீஸ் க்வெஸ்சன் செய்யும். ஒருவரின் நேர்மையை க்வெஸ்சன் செய்யலாம். தட்டிக் கேட்பது இதுதான். ‘இன்டராகேட்’ அதற்கும் மேல், கதவைச் சாத்திவிட்டு, விளக்கை முகத்தில் அடித்து.

‘பெக்’ என்றால் பிச்சை மட்டுமில்லை, கெஞ்சுவதும்தான். ‘ப்ளீட்’, ‘இம்ப்ளோர்’ மன்றாடுவது. அலுவலக மெயிலில் இவற்றுக்கு வேலை இல்லை. ‘குவரி’ என்பது ஆடிட்டர், பேங்க், கம்ப்யூட்டர் ஆட்களின் சொல். பில்லில் ஏதோ இடிக்கிறது என்று கேட்கும்போது வரும்.

இந்த வரிசையில் சேராத ஒருவர் ‘டவுட்’. “சார், ஒரு டவுட்” என்று நாம் கை தூக்குவது இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளியே “ஐ ஹாவ் எ டவுட்” என்றால் நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே “ஐ ஹாவ் எ க்வெஸ்சன்” போதும்.

படி 5: ‘ஆஸ்க்’ இல்லாமல் கேளுங்கள்

உண்மையில் நன்றாகக் கேட்கிறவர்கள் ‘ஆஸ்க்’ என்ற சொல்லையே தொடுவதில்லை. தமிழில் “கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?” என்பதில் அந்தக் ‘கொஞ்ச’மும் ‘ங்க’வும் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘குட் யூ’ செய்கிறது. “கேன் யூ”வைவிட “குட் யூ” ஒரு படி பணிவு. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்…” இன்னும் இரண்டு படி. வெறும் ‘பிளீஸ்’ போட்டால் பணிவாகிவிடும் என்பது நம் நம்பிக்கை. “பிளீஸ் செண்ட் தி ஃபைல்” என்பது என்ன இருந்தாலும் கட்டளைதான், சட்டை போட்ட கட்டளை.

“வுட் யூ மைண்ட்” என்று யாராவது தொடங்கினால் பதிலில் ஜாக்கிரதை. “வுட் யூ மைண்ட் வெய்ட்டிங்?” என்றால் ‘காத்திருப்பதில் உங்களுக்குத் தொந்தரவா?’ என்று அர்த்தம். காத்திருக்கச் சம்மதம் என்றால் ‘நோ’ என்று சொல்ல வேண்டும். பழக்கத்தில் “யெஸ், யெஸ்” என்று தலையாட்டிவிட்டு, எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதைப் பார்த்து விழித்தவர்களில் நானும் ஒருவன்.

படி 6: ஒட்டிப் பிறந்த தொடர்கள்

இவற்றில் சில தமிழோடு அச்சாகப் பொருந்தும். “இஃப் யூ ஆஸ்க் மீ” என்றால் “என்னைக் கேட்டா”. ‘ஆஸ்க் ஆஃப்டர்’ என்றால் நலம் விசாரிப்பது. “பெரியம்மா உன்னைக் கேட்டாங்க” என்கிறோமே, அது. ‘ஆஸ்கிங் ஃபார் ட்ரபிள்’ என்றால் வம்பை விலைக்கு வாங்குவது. ‘ஆஸ்க் அவுட்’ என்பதை ‘வெளியே கேள்’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரைப் பிடித்துப்போய், வெளியே போகலாமா என்று அழைப்பது. “தே ஆஸ்க்ட் அஸ் டு டின்னர்” என்றாலும் அழைப்புதான்.

‘ஆஸ்கிங் ரேட்’ கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும்: மிச்சமுள்ள ஓவர்களில் ஓவருக்கு எத்தனை ரன் வேண்டும் என்பது. 10 ஓவரில் 85 ரன் வேண்டுமென்றால் ஆஸ்கிங் ரேட் 8.5. ‘ஆஸ்கிங் ப்ரைஸ்’ வீட்டு புரோக்கர்களின் சொல். விற்பவர் வாயில் வரும் முதல் விலை, அந்த விலைக்கு யாரும் வாங்குவதில்லை. இப்போது ஐ.டி. மீட்டிங்குகளில் “வாட் இஸ் தி ஆஸ்க் ஹியர்?” என்று இதைப் பெயர்ச்சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் காதில் விழுந்தால் ‘நம்மகிட்ட என்னதான் எதிர்பாக்கறாங்க?’ என்று புரிந்துகொள்ளுங்கள்.

படி 7: கையைப் போட்டுப் பாருங்கள்

விடையைப் பார்க்காமல் முதலில் நீங்களே சொல்லிப் பாருங்கள்.

“எப்ப வருவீங்கன்னு கேட்டார்.” விடை: “ஹி ஆஸ்க்ட் மீ வென் ஐ வுட் கம்.” ‘தட்’ இல்லை, ‘வில் யூ’ இல்லை.

“டிரைவரை மெதுவாப் போகச் சொல்லு.” ஆட்டோவில் உட்கார்ந்திருந்தால் “ஆஸ்க் தி டிரைவர் டு கோ ஸ்லோ”. பிரேக் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தால் ‘டெல்’ போடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

“யாரைக் கேட்டு எடுத்தே?” இதை “ஆஸ்கிங் ஹூம் யூ டுக் இட்” என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். “ஹூ செட் யூ குட் டேக் இட்?” என்றால் அதே கோபம் முழுசாக வந்துவிடும்.

“பேங்க்ல லோன் கேட்டிருக்கேன்.” மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டிருந்தால் ‘ஆஸ்க்ட் ஃபார்’. படிவம் கொடுத்திருந்தால் “ஐ ஹாவ் அப்ளைட் ஃபார் எ லோன்”.

கடைசியாக ஒன்று: “அம்மா உங்களைக் கேட்டதாச் சொல்லச் சொன்னாங்க.” ஒரு கேள், இரண்டு சொல். என் வகுப்புத் தோழர் ஒருவர் இதை நான்கு நிமிடம் போராடி, ‘மை மதர் டோல்ட் மீ டு டெல் தட் ஷி ஆஸ்க்ட் யூ’ என்று கொண்டுவந்து நிறுத்தினார். ஆங்கிலத்தில் இதற்கு “மை மதர் செண்ட்ஸ் ஹர் ரிகார்ட்ஸ்” என்பார்கள். ‘ஆஸ்க்’கும் இல்லை, ‘டெல்’லும் இல்லை.